கொப்பி உறையில் ஒரு செய்தி

சென்ற கிழமை பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வரலாற்றுக் கொப்பியைத் திருத்தத் தந்தான். கடைகளில் விற்கும் வழுவழுப்பான உறையை வாங்க வசதியில்லாத பிள்ளை. பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து, மாப்பசை தடவி, மிகத் துப்புரவாக உறையிட்டிருந்தான். கொப்பியைத் திறக்குமுன் உறையை வாசிப்பது எமது நெடுநாட் பழக்கம். சில வேளைகளில் உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிலும் உறையில் அச்சாகியிருப்பது பிழை குறைந்ததாக இருக்கும். எப்போதும் அப்படியன்று என்பதைப் பற்றியே இன்று எழுதப் போகிறோம்.

உறையிற் கண்ட தேதி 2021 மார்ச் மாதத்தது. இரணைதீவில் சடலங்களை அடக்கம் செய்ய மக்கள் எதிர்ப்பு என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. தலைப்பும், அதன் கீழிருந்த படத்தின் மேற்பாதியும் வெளியே தெரிந்தன. செய்தியின் உடல் முழுவதும் மடிப்புக்குள் அகப்பட்டுக் கிடந்தது.

“தம்பி, இது என்ன செய்தியென்று தெரியுமோ?” என்று கேட்டோம்.

“தெரியும் சேர். கொரோனாவிலை செத்த முஸ்லிம் ஆக்களைத் தங்கடை தீவிலை தாக்க விடமாட்டம் எண்டு இரணைதீவுச் சனம் மறிச்சது.”

“ஏன் மறித்தார்கள்?”

“முஸ்லிம் ஆக்கள் எண்டபடியால்தான் சேர்.”

பையன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவே. அந்தச் செய்தி வெளிவந்த நாளில் அவனுக்குப் பத்து வயதுதான் இருக்கும். மீதியை மடிப்பு மறைத்துவிட்டது. பசை காய்ந்திருந்த ஓரத்தை மெல்லப் பிரித்து உள்ளே இருந்ததை அவனுக்கு வாசித்துக் காட்டினோம். அவ்வாறு வாசித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு வகுப்பும், வேறொரு கேள்வியும், அதற்கு நாம் விடை சொல்லாது விட்டதும் நினைவுக்கு வந்தன. மாணவனுக்குச் சொன்னதையும் சொல்லாததையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. உயிலங்குளம் மன்னார் நெடுஞ்சாலையில் உள்ள வயற்புறத்து ஊர். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்தில் இங்கேதான் ஒரு கடவை இருந்தது. இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் இயக்கம். அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டி, பெயர் கூப்பிடும்வரை வெயிலில் நின்று பழகிய சனங்கள் நாம். ஆகவே 2020 மார்ச் 20 ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டபோது கொழும்பிலுள்ளோர் திகைத்தார்கள். எமது ஊரிலோ எவரும் விளக்கம் கேட்கவில்லை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று மட்டும் பார்த்துக்கொண்டோம். ஊரடங்கு என்ற சொல்லை நோயோடு சேர்த்து நாம் கேட்டது அதுவே முதன்முறை. இந்தப் பணிவைக் கண்டு, வடபகுதி மக்கள் நன்கு ஒத்துழைக்கிறார்கள் என்று பாராட்டியோரும் உண்டு. பணிவது ஒன்று, உடன்படுவது வேறொன்று. கட்டளையின் காரணத்தைக் கேளாமலே அடங்கியிருக்கப் பழகியவர்கள், அக்கட்டளை பிழையாக அமையும் நாளிலும் கேளாமலே இருந்துவிடுவார்கள். அந்த நாளும் வந்தது.

ஊரடங்கையே குறை சொல்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. ஆரம்பத்தில் அது உயிர் காத்தது. 2020 அக்டோபர் தொடக்கம்வரை இலங்கையில் இந்நோயால் இறந்தோர் 13 பேர் மாத்திரமே. மறு ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 பேர் இறந்தபோது, நாட்டை மூடுங்கள் என்று வைத்தியர் சங்கங்கள் மன்றாடின. மகாநாயக்க தேரர்களும் கேட்டார்கள். பொருளாதாரம் தாங்காது என்று தயங்கிய அரசு ஆகஸ்ட் 20 ஆந் திகதி இரவுதான் மூடியது. எனவே வழக்கு எந்நாளும் ‘கட்டுப்பாடு வேண்டும், வேண்டாம்’ என்ற இரண்டுக்கும் இடையில் நடப்பதன்று. எந்தக் கட்டுப்பாடு, எதற்காக, யார் சொல்லி என்பதே வழக்கு.

இது பழைய வழக்குங்கூட. ஊரடங்குக்கும் தனிமைப்படுத்தலுக்கும் சார்பாக அரசு எடுத்துக்காட்டிய கட்டளைச் சட்டம் 1897 ஆம் ஆண்டினது. அதே ஆண்டில்தான் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. பம்பாய் மாகாணத்தில் பிளேக்கு பரவிக்கொண்டிருந்த காலம் அது. பூனா நகரில் றான்ட் என்னும் அதிகாரி படைவீரரை வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் சமையலறையிலும் பூசையறையிலும் சப்பாத்துக் காலோடு நுழைந்தார்கள், பெண்களைச் சோதித்தார்கள், நோயாளரைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். திலகரின் கேசரிப் பத்திரிகை இதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஜூன் 22 ஆந் திகதி இரவு றான்டைச் சுட்டார்கள் சபேக்கர் சகோதரர். பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு 18 மாதச் சிறை. வரலாற்று நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்த கோகலேக்கு நேர்ந்ததை மாணவர்கள் அதிகம் அறியார். பூனாவில் படைவீரர் பெண்களுக்கு இழைத்த கொடுமை பற்றி நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, அவர் அங்குள்ள பத்திரிகையொன்றுக்கு அதனைச் சொன்னார். ஊர் திரும்பியதும் சான்று கேட்டார்கள். கடிதம் எழுதியோர் முன்வரவில்லை. கோகலே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கோழை என்று அவரைத் தூற்றியோர் பலர். அவரை நாம் இங்கே நினைத்ததற்குக் காரணம் உண்டு; பின்னர் வருவோம்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் இறுதியில் முஸ்லிம் ஒருவர் நீர்கொழும்பில் இந்நோயால் இறந்தார். குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கு மாறாக அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது. அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அம்மாதமே வழிகாட்டியிருந்தது. ஆயினும் ஏப்ரில் 11 ஆந் திகதி வர்த்தமானியில் கட்டளை வெளிவந்தது. இந்நோயால் இறந்தோர் எவராயினும் 800 முதல் 1,200 பாகை வெப்பத்தில், 45 நிமிடம் முதல் ஒரு மணிநேரம்வரை எரிக்கப்படல் வேண்டும். எவராயினும் என்று எழுதியிருந்தபடியால் இச்சட்டம் எல்லோருக்கும் பொதுவானதென்று வாதித்தோரும் உண்டு. எரிப்பதை வழக்கமாகக் கொண்டவனுக்கும், அடக்குவதைக் கடமையாகக் கொண்டவனுக்கும் ஒரே நெருப்பைக் கொடுத்துவிட்டுப் பொதுச் சட்டம் என்கிறார்கள்!

காரணம் என்ன? புதைத்த உடலிலிருந்து வைரசு நிலத்தடி நீரிற் கலக்கும் என்பது. இதற்குச் சான்று எங்கே என்று கேட்ட விஞ்ஞானிகள் இருந்தார்கள். எமது நாட்டிற் பிறந்து ஹொங்கொங்கில் ஆராய்ச்சி செய்யும் உலகப் புகழ்பெற்ற வைரசியல் அறிஞர் மலிக் பீரிஸ், வைரசு உயிருள்ள கலத்திலே மாத்திரம் பெருகும் என்றும், இது நீரால் பரவும் நோயன்று என்றும் சொன்னார். சமுதாய மருத்துவர்களின் கல்லூரி சொன்னது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் சொன்னது. அவர்கள் சொன்னவை அச்சில் வந்தன என்பதை மறைக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில் என்பதும் ஒரு செய்தியே அன்றோ?

அந்த மாதங்களில் முதற் பக்கத்திலும் தொலைக்காட்சியிலும் நாம் கண்டவை வேறு. அக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் நோய் பரவ, மீனுக்கே நோய் என்ற பேச்சு எழுந்தது. எமது கரையில் வங்காலையிலும் பேசாலையிலும் பிடித்த மீனை வாங்குவாரில்லை. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆரச்சி நவம்பரில் பத்திரிகையாளர் முன்னிலையில் ஒரு பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். அந்தப் படம் உலகமெல்லாம் சென்றது. டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி நோயைத் தீர்க்குமென்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். கூட்டம் கூடக்கூடாதென்ற கட்டுப்பாடு அன்று எங்கே போயிற்றோ அறியோம். சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைப் பலர் காணக் குடித்தார்; ஜனவரியில் அவருக்கும் நோய் வந்தது. பாணிக்குச் சான்று கேளாத அதே ஒலிவாங்கிகள்தாம் நிலத்தடி நீருக்கும் சான்று கேளாதிருந்தன. ஒன்று சிரிப்பாய் முடிந்தது. மற்றொன்று எரிந்து முடிந்தது.

கேட்கத் துணிந்தோரின் நிலைமையையும் சொல்லவேண்டும். நோய்த் தடுப்புப் பணியிலுள்ள அதிகாரிகளைக் குறைகூறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2020 ஏப்ரில் முதலாந் திகதியே பொலிஸ் தலைமையகம் அறிவித்தது. தகனம் பற்றியும் வெறுப்புப் பேச்சைப் பற்றியும் முகநூலில் எழுதிய ரம்ஸி ராசீக் என்பவர் அதே ஏப்ரிலில் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு விதித்தது 2023 இல். பத்திரிகைக்காரனுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆகையால் அவர்களுடைய அச்சத்தை நாம் இகழவில்லை. எமக்கு எந்த அச்சமும் இருக்கவில்லையே, நாம் என்ன செய்தோம் என்பதுதான் எம்மை உறுத்துகிறது.

2020 டிசம்பரில், பாடசாலைகள் மீளத் திறந்திருந்த அந்தச் சில கிழமைகளுள் ஒரு நாள், உயர்தர வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தது. எரிக்கத்தான் வேண்டுமோ என்று ஒருவன் கேட்டான். நாம் அன்று காலையில் வாசித்த பத்திரிகையை நினைத்துக்கொண்டு, மிகுந்த தெளிவோடு விளக்கினோம். மன்னார்த் தீவின் மணற்பரப்பில் சிறிது ஆழம் தோண்டினாலே நன்னீர் ஊறுகிறது; உடலைப் புதைத்தால் நோய்க்கிருமி கிணற்றுக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? நிபுணர்கள் சொல்கிறார்கள், நாம் கேட்கத்தான் வேண்டும் என்றோம். கரும்பலகையில் கிணறும் குழியும் கீறியே காட்டினோம். எந்த நிபுணர், என்ன ஆய்வு என்று எம்மைக் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்கமாட்டோம்.

விஞ்ஞானப் பிரிவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். “சேர், வைரசு தண்ணிக்குள்ளை போகுமெண்டால், உயிரோடை இருக்கிற நோயாளியின்ரை கழிவெல்லாம் எங்கை போகுது? ஆசுப்பத்திரி மலசலகூடக் குழியும் மண்ணுக்குள்ளைதானே இருக்கு? அதுக்கு ஒருத்தரும் பயப்பிடேல்லையே?” என்றாள்.

வாசகர்களே, அது எத்துணைச் செம்மையான கேள்வி என்பதை நோக்குங்கள். இறந்தவன் ஒருவன், அவனைச் சுற்றிக் கட்டி, ஆழக் குழியில் வைப்பார்கள். உயிரோடு இருந்து பிழைத்தெழுந்த நோயாளரோ ஆயிரக்கணக்கினர். அவர்களுடைய கழிவு நாள்தோறும் நாடெங்கும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் கெடுமென்றால் அதனாலன்றோ முதலிற் கெடவேண்டும்? பேராசிரியர்கள் அறிக்கையில் எழுதியதை ஒரு பதினெட்டு வயதுப் பெண் பத்திரிகையின் துணையின்றித் தானே கண்டுபிடித்தாள். நாம் சொன்ன விடை, “நேரம் போகிறது, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்” என்பது.

மூன்றாம் வாங்கில் ஒரு முஸ்லிம் மாணவன் இருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடிமட்டத்தின் முனையால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எமது விளக்கத்தின்போது அவனை நாம் ஒரு தடவைதானும் நோக்கவில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

அதே கிழமையில், பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்று, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் தகனம் செய்யப்பட்டது. செய்தி வந்த அன்று எமது அன்னையார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். வழக்கமாக மரண அறிவித்தல்களை முதலில் வாசித்துவிட்டு அரசியலை விட்டுவிடுகிற அம்மா அவர். “பச்சைப் பாலகனை ஆரும் எரிப்பினமோ? எங்கடை ஆக்களே குழந்தைப்பிள்ளையளை எரிக்கிறேல்லையே, தாக்கிறதெல்லோ வழக்கம்!” என்றார். சைவர்களாகிய நாமும் பிள்ளைகளைப் புதைக்கிறவர்களே. எரிப்பது எமது வழக்கம், ஆகையால் இச்சட்டம் எம்மைத் தீண்டாது என்று நாம் உள்ளூர எண்ணியிருந்தது எவ்வளவு குருட்டு எண்ணம்! எமது அயலிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் தம்மவரைச் சேமக்காலையில் வைக்கின்றன; முஸ்லிம்கள் மையவாடியில் வைக்கிறார்கள்; நாமோ குழந்தைகளை மண்ணுக்குக் கொடுக்கிறோம். கொழும்பில் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிய செய்தியைக் கேட்டு அம்மா எம்மைப் பார்த்து, “நீ பேப்பருக்கு எழுதுறவனெல்லோ, இதை எழுதினியோ?” என்றார்.

நாம் எழுதவில்லை. அவ்வாண்டு இப்பகுதியில் வெளிவந்தவற்றை அண்மையில் எடுத்துப் பார்த்தோம். வீட்டிலிருந்தே கற்பது எப்படி என்று எழுதியிருக்கிறோம். கை கழுவும் பழக்கம் எமது முன்னோரிடம் இருந்ததென்று பெருமையோடு எழுதியிருக்கிறோம். வீட்டுத் தோட்டம் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறோம். தகனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மன்னாரில் இருக்கிறவனுக்கு இதில் இன்னொரு வெட்கமும் உண்டு. 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியபோது எமக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் சனங்கள் கையில் அகப்பட்டதோடு போனார்கள். அன்று பெரியவர்கள் பேசாதிருந்ததை நாம் பிள்ளையாக இருந்து கண்டோம். முப்பது ஆண்டின் பின்னர் நாமே பெரியவர்களாகிப் பேசாதிருந்தோம்.

எல்லோரும் எம்மைப் போல் இருக்கவில்லை என்பது ஆறுதல். 2021 பெப்ருவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை மன்னார் வழியாகவும் நடந்து சென்ற பேரணியின் கோரிக்கைகளுள், முஸ்லிம்களின் உடல்களை எரிப்பதை நிறுத்து என்பதும் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நடந்தார்கள். அம்மாத இறுதியில், பாகிஸ்தான் பிரதமர் வந்து சென்ற மறுநாட்களில், அடக்கத்துக்கு அனுமதியளித்து வர்த்தமானி வெளிவந்தது. நீதிமன்றத்தில் மனுக்கள் தள்ளுபடியாகி மூன்று மாதமும் ஆகவில்லை. இடையில் விஞ்ஞானம் மாறிவிட்டதா, விருந்தினர் மாறினாரா என்று கேட்ட தலையங்கம் எதனையும் நாம் கண்டிலோம்.

இங்கேதான் கொப்பி உறைக்கு வருகிறோம். அனுமதி கிடைத்தது, ஆனால் எங்கே அடக்குவது? மார்ச் 2 ஆந் திகதி, இரணைதீவு என்றார்கள். மாணவர்கள் வரைபடத்தைப் பாருங்கள். எமது ஊரிலிருந்து வடக்கே வெள்ளாங்குளம் கடந்து சென்றால் முழங்காவில். அதற்கு எதிரே கடலில் இரட்டையாக இருக்கும் தீவு அது. இரணை என்றாலே இரட்டை என்று பொருள். அங்கிருந்த கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் 1992 இல் இடம்பெயர்க்கப்பட்டனர். தீவு கடற்படையிடம் இருந்தது. முழங்காவிலில் இரணைமாதா நகர் என்று குடியேறி, தமது கோயிலைக் கடலுக்கு அப்பால் நோக்கிக்கொண்டு கால் நூற்றாண்டு கழித்தார்கள். 2017 இல் போராட்டம் தொடங்கினார்கள். 2018 ஏப்ரில் 23 ஆந் திகதி, அனுமதிக்குக் காத்திராமல், படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாமே போய் இறங்கினார்கள். மூன்று ஆண்டு ஆகவில்லை. சுவர் இடிந்த வீடுகளைத் திருத்தி முடியவில்லை. அதற்குள், உங்கள் தீவை நாடு முழுவதற்குமான மயானமாக்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தையும் கேளாமல் அறிவித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மறித்தார்கள். முஸ்லிம்கள் தங்கள் தங்கள் ஊரிலேயே அடக்கம் செய்ய உரிமையுடையவர்கள், அவர்களை இப்படித் தீவுக்கு ஏற்றி எம்மோடு மோத வைக்காதீர்கள் என்பதே அவர்கள் பக்கத்திலிருந்து எழுந்த குரல். முஸ்லிம் அமைப்புகளும் இத்திட்டத்தை ஏற்கவில்லை. பெற்ற தாயை அடக்கம் செய்துவிட்டு, அந்தக் கபுறை மறுபடி காணக் கடற்படையின் அனுமதியா என்று கேட்கமாட்டார்களா? இரண்டு பக்கத்தாரும் ஒன்றையே சொன்னார்கள். தலைப்போ ஒரு பக்கத்தாரை மற்றப் பக்கத்தாருக்கு எதிரே நிறுத்தியது. தலைப்பில் பொய் இல்லை. எதிர்ப்பு இருந்தது மெய், சடலம் என்பதும் மெய். யாருக்கு எதிரான எதிர்ப்பு என்ற ஒன்று மட்டும் மடிப்புக்குள் போய்விட்டது. எமது மாணவன் உறை மடித்தது அண்மையில். அந்தத் தாளை அச்சில் அமைத்தவர் அதற்கு முன்னரே ஒரு தடவை மடித்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

மார்ச் 5 ஆந் திகதி மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்வரை அங்கே 3,600 இற்கு மேற்பட்டோர் அடங்கினர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஆயினும் பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். நாடெங்குமிருந்து லொறிகளில் உடல்கள் வந்தன. அவ்வூர்க் கிணறுகளில் நோய் வந்ததென்று எவரும் சொல்லவில்லை.

அச்சம் அரசுக்கு மாத்திரம் உரியதென்று எண்ணுவதும் தவறு. அக்கரையில், சென்னையில், 2020 ஏப்ரிலில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இந்நோயால் இறந்தார். அங்கே அடக்கத்துக்குத் தடை இல்லை. சட்டம் அனுமதித்ததைச் சனங்கள் மறித்தார்கள். உடலைக் கொண்டுவந்த வண்டியைக் கல்லாலும் தடியாலும் அடித்தார்கள். நள்ளிரவில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழி மூடினார். அந்தக் கூட்டத்துக்கு யாரும் கட்டளை இடவில்லை. உடலிலிருந்து நோய் பரவும் என்ற வதந்தி போதுமாயிருந்தது. அதே ஏப்ரிலில் இந்தியாவில் நோயாளரைச் சமயம் குறித்து எண்ணிச் சொல்லும் வழக்கம் பரவியது. தில்லி மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார் மீது பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரும் பிரசாரம் நடத்தியதாக ஆகஸ்டில் பம்பாய் மேல் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு கண்டித்தது.

எமது அரசு 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவையில் முடிவெடுத்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அரசே கணக்குச் சொன்னது. வைரசு நீரிற் பரவும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதும் அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. மன்னிப்பால் எவருக்கும் அடக்கம் கிடைக்கப்போவதில்லை; ஆயினும் அரசு கேட்டது. நிலத்தடி நீரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஏடுகளும், நிபுணர்கள் சொல்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் தலையாட்டியோரும் கேட்டார்களா? எம் கண்ணிற் படவில்லை. சான்று காட்ட முடியாதபோது, ஊரே தூற்றினும், சொன்னதைத் திரும்பப் பெற்ற கோகலேயை இதற்காகத்தான் மேலே நினைத்தோம்.

பிறரைக் கேட்கும்போது எம்மை விட்டுவிடலாகாது. கரும்பலகையில் நாம் கீறிய படம் பிழை. அதற்கு எமக்குச் சான்று இருக்கவில்லை. அன்று அவ்வகுப்பிலிருந்த மாணவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். இப்பகுதியைச் சிலர் வாசிப்பதாக அறிகிறோம். மூன்றாம் வாங்கில் இருந்தவர் இதனை வாசித்தால், அன்று நோக்கத் தவறியவர் இன்று நோக்குகிறார் என்று எடுத்துக்கொள்வாராக. கேள்வி கேட்ட மாணவியைச் சென்ற மாதம் முருங்கன் பேருந்து நிலையத்தில் கண்டோம். விஞ்ஞான ஆசிரியையாக இருக்கிறார். அந்தக் கேள்வியைப் பற்றிச் சொன்னோம். அப்படியொன்று கேட்டதாகவே நினைவில்லை என்று சிரித்தார், பேருந்து வந்துவிட்டது.

கொப்பிக்காரப் பையனுடைய உறையை நாம் வாங்கி வைத்துக்கொண்டோம். அவனுக்கு வேறு தாள் கொடுத்தோம். விளம்பரம் மட்டும் உள்ள பக்கமாகப் பார்த்துக் கொடுத்தோம். இப்போது வகுப்பிலே ஒரு வேலை தொடங்கியிருக்கிறது. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் ஒரே நாள் பத்திரிகைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடி, ஒரே செய்தி மூன்றிலும் எப்படி வந்ததென்று பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுகிறார்கள். சிங்களத் தாள்களை எமது கல்லூரியில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியை வாசித்துப் பொருள் சொல்கிறார். 2021 மார்ச்சுக்குரியவை ஓரளவு சேர்ந்துவிட்டன. 2020 டிசம்பர் இரண்டாம் கிழமைக்குரியவைதாம் போதாது. வாசகர் வீடுகளில் பெட்டிக்கு அடியிலோ, அலுமாரித் தட்டிலோ விரித்த பழைய தாள்கள் இருக்குமாயின் அனுப்பி உதவுங்கள். எண்ணெய் பட்டிருந்தாலும் பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. தேதி தெரிந்தாற் போதும். செய்தியின் கீழ்ப்பாதி கிழியாமல் இருக்கவேண்டும்.